பழவேற்காட்டு ஏரிக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

தை மாதம் நெருங்கும்போதெல்லாம் எங்கள் வெதுருகுப்பத்து நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் விசாரிக்கிற விஷயம் ஒன்று உண்டு. சூலூர்பேட்டைப் பக்கம் பூநாரைகள் வந்துவிட்டனவா, எந்த வழியாகப் போனால் சௌகரியம், குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரே நாளில் திரும்பிவிடலாமா என்று கேட்கிறார்கள். திருப்பதி, காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாகச் சென்று சென்னை நெடுஞ்சாலையைப் பிடித்தால் சூலூர்பேட்டை வந்துவிடும் என்று சொல்வது எளிது. ஆயினும் வழியைச் சொல்லுமுன் சொல்லியாக வேண்டியது வேறொன்று இருக்கிறது. அந்த நீர்ப்பரப்புக்குள் நாம் எந்த உரிமையில் நுழைகிறோம், நுழைந்தபின் நம்மைக் கட்டுப்படுத்தும் நிபந்தனைகள் யாவை, அந்த நிபந்தனைகளின் பாரத்தை யார் எவ்வளவு சுமப்பது நியாயம் என்பனவற்றைக் கேட்பவர் மிகச் சிலரே. கேளாதவர்களுக்கும் சேர்த்து அதைச் சற்று விரிவாக எழுதிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

எங்கள் சித்தூர் மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி ஆந்திர மாவட்டங்கள் புதிதாக வகுக்கப்பட்டபோது, அதுவரை நெல்லூரைச் சேர்ந்திருந்த சூலூர்பேட்டை, தடா முதலிய பகுதிகள் புதிய திருப்பதி மாவட்டத்துடன் இணைந்தமையால், திருமலையில் தொடங்கி வங்கக் கடலில் முடிகிற ஒரு மாவட்டம் எங்களுக்கு அண்டையில் அமைந்தது. அதனாலேயே பழவேற்காட்டு ஏரியை இப்போது எங்கள் பக்கத்து மக்கள் ‘நம்ம ஏரி’ என்று உரிமையோடு பேசத் தொடங்கியிருக்கிறார்கள். நிர்வாக எல்லைகளைக் காட்டிலும் பழைய பந்தம் ஒன்று இதில் உண்டு. பழைய சித்தூர் ஜில்லாவின் மலைகளில் பிறக்கும் ஆரணியாறு, பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, ஊத்துக்கோட்டை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, அந்த ஏரியின் தென்பகுதியில்தான் போய்ச் சேருகிறது. மலைப்புறத்தில் பெய்யும் மழை, கரையோரத்து மீனவனின் வலையில் இறாலாக விளைகிறது என்று சொன்னால் அது வெறும் அலங்கார வார்த்தை ஆகாது.

சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இது. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இந்த நீர்ப்பரப்பின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே இருக்கும். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்ட மணல்திட்டாகக் கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டை. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்க, முகத்துவாரங்களின் வழியே கடல்நீர் ஏறியும் இறங்கியும் அதனோடு கலக்க, கோடையில் வெயில் அந்தக் கலவையை வற்றச் செய்து உப்பை ஏற்ற, இவ்விதமாக ஆண்டு முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும் இந்த நீரின் சுபாவமே அங்குள்ள இறாலுக்கும் மடவைக்கும் கொடுவாய்க்கும் நண்டுக்கும் ஜீவாதாரம். ஆழமில்லாத அந்தச் சேற்று நீரில்தான் பூநாரைகள் வளைந்த அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து நீரை வடிகட்டி, நுண்ணிய பாசியையும் சிற்றுயிர்களையும் உண்டு பசியாறுகின்றன. சூலூர்பேட்டைக்கு வடக்கே நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள நேலபட்டு ஏரியில், தண்ணீருக்குள் நிற்கும் மரங்களின்மேல் கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றுக்கு இரையான மீனையும் இந்தப் பெரிய ஏரியே தருகிறது.

இத்தகைய பிரதேசத்தை ஆந்திர அரசு 1976இலும், தன் எல்லைக்குட்பட்ட தென்பகுதியைத் தமிழ்நாட்டு அரசு 1980இலும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. ஏரி ஒன்று, ராஜ்யங்கள் இரண்டு. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்க, கடலோடு கலக்கும் முக்கியமான முகத்துவாரங்களில் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. பறவைக்கும் மீனுக்கும் இந்த எல்லை தெரியாது. ஆனால் அங்கே போகும் மனிதன் எந்த இடத்தில் எந்த வனத்துறையின் அனுமதிக்கு உட்பட்டவன் என்பதை அறிந்தே போக வேண்டியிருக்கிறது.

இனி, சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் தனி அனுமதியின்றி இருக்கத் தக்கவர்கள் யார் யார் என்று எண்ணிச் சொல்லுகிறது. கடமையின்பொருட்டு வரும் அரசு ஊழியர், அங்கே வசிக்க அனுமதி பெற்றவர், அதன் எல்லைக்குள் அசையாச் சொத்தில் உரிமை உடையவர், பொது நெடுஞ்சாலை வழியே கடந்துசெல்பவர், முதல் மூவகையினரைச் சார்ந்து வாழ்வோர் ஆகியோரே அவர்கள். இவர்களுள் அடங்காத எவரும் 28ஆம் பிரிவின்படி அனுமதிச் சீட்டுப் பெற்றே உள்ளே செல்ல வேண்டும். உயிரினங்களை ஆராய்வதற்கும், புகைப்படம் எடுப்பதற்கும், சுற்றிப் பார்ப்பதற்கும், அங்கு வசிப்பவரோடு நேர்மையான தொழில் நடத்துவதற்கும் அத்தகைய சீட்டு வழங்கப்படுகிறது. நம்மில் அநேகர் இந்தப் பிரிவினையைக் கவனிப்பதில்லை. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டைக்கு ஏரியின் நடுவே போகும் சாலையில் வாகனத்தில் செல்பவர் சட்டத்தின் பார்வையில் வழிப்போக்கர். அதே மனிதர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றில் இறங்கிப் பறவைக் கூட்டத்தை நோக்கி நடக்கத் தொடங்கிய கணத்திலேயே வழிப்போக்கர் என்ற தகுதியை இழந்து, அனுமதி பெற வேண்டிய பார்வையாளராகிவிடுகிறார்.

அனுமதி பெற்றவருக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. வனவிலங்கைச் சீண்டுவதோ துன்புறுத்துவதோ கூடாது, சரணாலயத்து நிலத்தில் குப்பை போடக் கூடாது என்று அதே 27ஆம் பிரிவு விதிக்கிறது. ஆபத்து விளையுமாறு தீ மூட்டலாகாது என்பது 30ஆம் பிரிவு. முன்அனுமதியின்றி ஆயுதத்துடன் நுழையலாகாது என்பது 31ஆம் பிரிவு. உயிர்களுக்குத் தீங்கு செய்யும் ரசாயனங்களையும் வெடிபொருள்களையும் உபயோகிக்கலாகாது என்பது 32ஆம் பிரிவு. சீண்டுதல் என்றால் கல்லெறிவது ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பூநாரைக் கூட்டம் ஒரே சமயத்தில் சிறகு விரித்து எழும் காட்சி கண்ணைப் பறிப்பதாதலால், அதைப் படம் பிடிக்க விரும்பிக் கைதட்டுகிறவர்களையும், ஊதல் ஊதுகிறவர்களையும், டிரோன்களைப் பறவைகளின் தலைக்குமேல் விடுகிறவர்களையும் நானே கண்டிருக்கிறேன். அந்தப் பறவை அங்கே நமக்குக் காட்சி கொடுக்க வரவில்லை. பகலெல்லாம் தலை குனிந்து தின்று உடலில் சக்தியைச் சேகரித்து, தன் இனப்பெருக்க ஸ்தலத்திற்குத் திரும்பும் நெடும் பிரயாணத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. காரணமின்றி அதை ஒருமுறை எழுப்பினால், சேர்த்த சக்தியில் ஒரு பங்கு வீணாகிறது. ஒருவர் மாறி ஒருவராக நாள் முழுதும் எழுப்பினால் அது பட்டினி கிடக்கிறது. எழுந்து பறப்பதை அழகு என்று நாம் கொண்டாடும் அதே கணம் அந்தப் பறவைக்கு அச்சத்தின் கணம் என்பதைக் குழந்தைகளுக்கு ஒருமுறை எடுத்துச் சொன்னால் போதும். பெரியவர்களைவிட அவர்கள் விரைவில் புரிந்துகொள்கிறார்கள்.

விதிகள் பறவைகளுக்காக மட்டுமே ஏற்பட்டவை என்று எண்ணுவாருக்கு நினைவூட்ட வேண்டிய துயரம் ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழிக்கப் பழவேற்காட்டுக்கு வந்த உறவினர் கூட்டம் ஒன்று சென்ற படகு கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட 22 பேர் மாண்டனர். மீன் பிடிக்கும் தொழிலுக்கென்று அமைந்த படகில் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றும் வழக்கம் அதற்குப் பிறகே தமிழ்நாட்டுக் கரையில் தடை செய்யப்பட்டது. ஏரியின் பெரும்பகுதி இடுப்பளவு நீர்தானே என்ற அலட்சியம் முகத்துவாரத்தருகே செல்லாது. அங்கே ஏற்றமும் வற்றமும் மாறும் நேரத்தில் நீரோட்டத்தின் வேகத்தைக் கணிக்கத் தெரிந்தவர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்த மீனவர்கள்தாம். படகு சவாரிக்கு அனுமதி இல்லை என்று சொன்னதும் முகம் சுளிக்கிறவர்களும், அனுமதி உள்ள இடத்தில் மிதவைச் சட்டையை அணியக் கூச்சப்படுகிறவர்களும் அந்த இருபத்திரண்டு பேரை ஒரு நிமிஷம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னவை வருகிறவர்களுக்கு உரிய விதிகள். அங்கேயே வாழ்கிறவர்களின் நிலை என்ன? பார்வையாளர்களாகிய நாம் அறவே மறந்துவிடுகிற விஷயம் இதுதான். ஏரி சரணாலயமாவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அது மீனவரின் வயலாக இருந்தது. தென்பகுதியில் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம் முதலிய ஊர்களின் பட்டினவர் சமூகத்தார் ‘பாடு’ என்று ஒரு முறையை வகுத்து வைத்திருக்கிறார்கள். முகத்துவாரத்துக்கு அருகில் இறால் மிகுதியாக விழும் இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் சண்டையும் வரும், மீன்வளமும் அழியும் என்பதை உணர்ந்து, தலைக்கட்டு உரிமை உடையவர்களிடையே சீட்டுப் போட்டு, இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று முறைவைத்துக் கொடுக்கிறார்கள். இன்று நல்ல பாடு கிடைத்தவருக்கு நாளை சுமாரான பாடு வரும். நேற்று ஏமாந்தவருக்கு இன்று முறை வரும். இந்த முறையிலும் குறை உண்டு. தலைக்கட்டு உரிமை ஆண்களுக்கே உரியது. நீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும், பாட்டில் சேராத பிற ஊர்க்காரர்களும் இதற்கு வெளியே நிற்கிறார்கள். ஆயினும் எழுதப்பட்ட சட்டமும் சம்பளம் பெறும் காவலனும் இல்லாமல், பொது நீரைப் பலர் பகிர்ந்து உண்பதற்கு ஒரு நியாயத்தைக் கண்டு அதைத் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்திருக்கிறார்களே, அந்த அறிவுக்கு நாம் வணக்கம் செலுத்தத்தான் வேண்டும். இலங்கையில் நீர்கொழும்புக் காயலிலும் இறால் பிடிக்கும் கட்டுவலைகளுக்கு இதேபோலச் சீட்டுப் போட்டு இடம் பிரிக்கும் வழக்கம் இருந்துவருகிறது.

ஊராரே முன்வந்து நடத்தும் இந்த விதமான காவலுக்கு நம் நாட்டில் வேறு சான்றுகளும் இருக்கின்றன. வேடந்தாங்கல் ஏரியில் தங்கும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டுத் தொல்லை கொடுத்தபோது, ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு 1798இலேயே காப்புரிமை பெற்றார்கள். பறவையின் எச்சம் கரைந்த நீர் தங்கள் நெல்வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தார்கள். சிவகங்கைப் பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டியில், கண்மாய் மரங்களில் தங்கும் பறவைகள் வெருண்டோடும் என்பதற்காக ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. காவலுக்கு நிற்பவனைக் கண்டு பயந்து கடைப்பிடிக்கும் விதி அவன் தலை மறைந்ததும் தளர்ந்துவிடுகிறது. தன் வாழ்வோடு பின்னியது என்று உணர்ந்து கடைப்பிடிக்கும் விதியோ நூற்றாண்டுகளையும் தாண்டி நிற்கிறது.

ஆகவே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. பாதுகாக்கப்பட்ட கடலோரப் பகுதியின் விதிகளில் கடுமையானவை வருகிறவர்களைச் சார வேண்டும். அதனால் பிழைக்கிறவர்களின் ஜீவனோபாயத்தைக் கூடியவரை காத்துக் கொடுக்க வேண்டும். கலியாண வீட்டுக்குப் போன விருந்தாளி, தான் வந்திருக்கும் வேளையில் வீட்டுக்காரரைச் சமையலறைக்குள் போகாதே என்று தடுப்பதை யாராவது ஒப்புவார்களா? ஆனால் ஏரியில் அப்படித்தான் நடக்கிறது. சரணாலயம் என்ற பெயரைக் காட்டி வலை கட்டும் மீனவனை அந்நியனாகப் பாவிப்பதும், வாரக் கடைசியில் காரில் வந்து பிளாஸ்டிக் புட்டிகளை வீசிவிட்டுப் போகிறவனைச் ‘சுற்றுலாப் பிரயாணி’ என்று உபசரிப்பதும் ஒரே இடத்தில் நிகழ்கின்றன. சட்டம் அவ்வாறு நடக்கச் சொல்லவில்லை. மக்களின் உரிமைகளை விசாரித்து, தக்கவற்றைத் தொடர அனுமதிக்க 24ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. கடல் எல்லையைச் சரணாலயத்தில் சேர்க்கும்போது உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்கத் தக்க ஏற்பாடுகள் செய்தபின்பே எல்லை வகுக்க வேண்டும் என்று 26ஏ பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. ஒவ்வொரு சரணாலயத்துக்கும் ஆலோசனைக் குழு அமைத்து, அதில் பஞ்சாயத்துப் பிரதிநிதிகளுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று 33பி பிரிவு கட்டளையிடுகிறது. எழுத்தில் உள்ள இந்த நியாயம் கரைக்கு இறங்கிவர வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.

வாழ்பவர், கடப்பவர், காண வருபவர் என்ற மூவகையினரோடு, கண்ணுக்குத் தெரியாமல் ஏரியை உபயோகிக்கும் நான்காம் வகையினரும் இருக்கிறார்கள். நாமும் அவர்களில் சேர்ந்தவர்களே. சந்தையில் வளர்ப்பு இறால் வாங்கும்போது, அதை வளர்த்த குட்டை எங்கே வெட்டப்பட்டது, அதன் கழிவுநீர் எங்கே போயிற்று என்று நாம் கேட்பதில்லை. சர்வோதயத் தொண்டர் எஸ். ஜகந்நாதன் 1994இல் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. சிலிகா ஏரிக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும், அதைச் சேர்ந்த நேலபட்டு முதலிய பறவைகள் சரணாலயங்களுக்கும் 1000 மீட்டர் தூரத்திற்குள் இறால் பண்ணைகள் அமைக்கக் கூடாது என்று அதில் குறிப்பாகவே கூறியது. நம் ஏரியின் பெயரைச் சொல்லி நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் பேசிய இந்த வாக்கியத்தை அறிந்தவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்? பிறகு 2005இல் பார்லிமெண்ட் கடலோர நீருயிர் வளர்ப்புக்கெனத் தனி ஆணையம் அமைத்து, அத்தொழிலைப் பதிவு முறைக்குள் கொண்டுவந்தது. சட்டங்கள் மாறலாம்; உப்பும் ரசாயனமும் கலந்த கழிவு ஆழமற்ற ஏரியில் இறங்கினால் அது எளிதில் வெளியேறாது என்ற இயற்கையின் நியதி மாறாது. ஆரணியாற்றிலும் காளங்கியிலும் மணலை அள்ளி, சாக்கடையை விட்டு, பிளாஸ்டிக்கை எறிந்தால் அவையெல்லாம் கடைசியில் எங்கே போய்த் தேங்கும் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நண்பர்களே, இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பருவமழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் போவதற்கு ஏற்றவை. அதிகாலையில் சென்றால் பறவைகளைச் சாலை ஓரத்திலிருந்தே காணலாம். ஒரு நல்ல தொலைநோக்கி இருந்தால் சேற்றில் இறங்க வேண்டிய அவசியமே நேராது. உள்ளே செல்வதாயின் முன்கூட்டியே வனத்துறையின் அனுமதியைக் கேட்டுப் பெறுங்கள். நேலபட்டில் அமைத்திருக்கும் பாதையையும் பார்வைக் கோபுரத்தையும் விட்டு விலகாதீர்கள். கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தில் உரத்த பேச்சும் வேண்டாம். டிரோனையும் ஒலிபெருக்கியையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கொண்டுபோன கட்டுச்சோற்றின் காகிதத்தைக்கூடத் திரும்ப எடுத்து வாருங்கள். கரையில் வலை காயப்போட்டிருந்தால் அதன்மேல் நடக்காதீர்கள். அது ஒரு குடும்பத்தின் மூலதனம். மீன் வாங்குவதாக இருந்தால் அந்த ஊர்ப் பெண்களிடம் நேரே வாங்குங்கள். விலையில் பேரம் பேசி அவர்களை வாட்டாதீர்கள். படம் எடுக்கும் முன் மனிதர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இரண்டு அரசுகளிடமும் எனக்கு மூன்று விண்ணப்பங்கள் உண்டு. ஏரி ஒன்றாயிருக்க, அதை உபயோகிக்கும் விதிகளும் ஒன்றாயிருக்கும்படி இரு வனத்துறைகளும் கூடிப் பேச வேண்டும். அந்த விதிகளைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிச் சூலூர்பேட்டையிலும் தடாவிலும் பழவேற்காட்டிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். ஆலோசனைக் குழுவில் பாடு நடத்தும் மீனவர்களுக்கும், பாட்டுக்கு வெளியே நிற்கும் இருளர், யானாதி மக்களுக்கும் இடம் தர வேண்டும். எங்கள் மண்டலத்துப் பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வதும் ஒன்று உண்டு. பிள்ளைகளைச் சூலூர்பேட்டையில் நடக்கும் பூநாரைத் திருவிழாவுக்கு அழைத்துச் செல்லும் முன்பு, வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஏரியின் கதையையும் மேலே சொன்ன விதிகளையும் சொல்லிக் கொடுங்கள். அடுத்த தலைமுறையில் இந்த விதிகளைக் காக்கப் போகிறவர்கள் அவர்களே. மற்ற நண்பர்கள் இந்தத் தை மாதத்தில் போகுமுன் எனக்கு எழுதுங்கள். வழியோடு விதிகளையும் சேர்த்தே எழுதி அனுப்புகிறேன்.